மூடி வைத்தது வைத்தபடி

சென்ற ஐப்பசி அடைமழையில் பாபநாசத்தில் என் வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலிருந்து இரண்டு தேரைகள் காணாமல் போயின. கவிதை பற்றி எழுத வேண்டிய பக்கத்தில் இது எதற்கு என்று கேட்பவர்கள் சிறிது பொறுத்துக்கொள்ள வேண்டும். நாற்பது வருஷங்களுக்கு முன் ஒரு நண்பரின் கவிதையைப் பற்றி நான் எழுதிய நாலு வரி தப்பு என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தெரியவைத்தவை இந்த இரண்டு தேரைகள்.

தொட்டி என் அக்காவின் பேரனுடையது. மீன்கள் செத்தபின் காலியாகக் கிடந்தது. கிணற்றடிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த தேரைகளை அவன் பிடித்து உள்ளே விட்டான். பழுப்பு உடம்பு, நீண்ட கால், விரல் நுனியில் வட்டமான தகடு. ஈரமண், வாழைமட்டை, சிரட்டையில் தண்ணீர் எல்லாம் வைத்தான். மேலே கொசுவலையை இழுத்துக் கட்டி, அதன்மேல் பலகை, பலகைமேல் ஒரு செங்கல். காலையில் பார்த்தால் செங்கல், பலகை, வலை எல்லாம் வைத்தது வைத்தபடி. உள்ளே சிரட்டைத் தண்ணீர் மட்டும் இருந்தது.

"நீங்கதானே எடுத்து விட்டுட்டீங்க, தாத்தா?" என்றான். வேறு எப்படிப் போயிருக்க முடியும் என்று அவனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். மூன்றாம் நாள், பழைய காற்றுக்குழாய் போன மூலையில் வலை தொய்ந்து ஒரு விரல் அகலம் திறந்திருப்பதைக் கண்டேன். அது போதும். தேரையின் விரல் தகட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் மெல்லிய ஈரப்படலம் நின்று இரண்டையும் ஒட்டவைக்கிறது. அதனால் செங்குத்தான கண்ணாடி அதற்குப் படிக்கட்டு மாதிரி. தலை நுழைந்த இடத்தில் உடம்பு நுழையும். ராத்திரியில்தான் இதெல்லாம் நடக்கும். நாம் மூடியைப் பார்த்துப் பாரம் வைக்கிறோம். அது மூலையைத் தேடுகிறது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு நானும் பையனும் வீடு முழுக்கத் தேடினோம். அக்கா சிரித்தாள். "தேடாதேடா. ஈரச்சாக்கைச் சுருட்டி மூலைக்கு ஒண்ணாப் போட்டு வை. அதுக்குத் தண்ணி வேணும், தானா வரும்." நாலாம் நாள் காலையில் குளியலறைச் சாக்கின் மடிப்பில் ஒன்று உட்கார்ந்திருந்தது. இன்னொன்று வரவில்லை.

இனி நண்பரின் கவிதை. அவர் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவர். 1985 வாக்கில் இது போன்ற ஒரு பத்திரிகையில் அவருடைய எட்டு வரிக் கவிதை வந்தது. ஆய்வுக்கூடத்துச் சிமெண்டுத் தொட்டி. அறுவைப் பாடத்துக்காகச் சாக்கில் வந்த தவளைகள் அதில். கம்பிவலை மூடி, மூடிமேல் கல். காலையில் கல் அதே இடத்தில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது. திரும்ப எண்ணுகிறார்கள். மணி அடிக்கிறது, பையன்கள் உள்ளே வருகிறார்கள். எட்டாவது வரியில் ஒரு கேள்வி. இவ்வளவுதான்.

அடுத்த இதழில் நான் எழுதினேன்: இது ஆய்வுக்கூடப் பதிவேட்டுக் குறிப்பு, இதில் படிமம் இல்லை, தவளை எதைக் குறிக்கிறது என்பது கவிஞருக்கே தெரியவில்லை. அந்த நாட்களில் எங்களுக்கெல்லாம் படிமப் பைத்தியம். ஒரு கவிதையைக் கையில் எடுத்தால் முதல் கேள்வியே எது எதைக் குறிக்கிறது என்பதாக இருந்தது. நண்பர் பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு கவிதையும் அனுப்பவில்லை. என் நாலு வரிதான் காரணம் என்று சொல்லிக்கொள்வது என்னை நானே பெரிதாக்கிக்கொள்வதாகும். இருந்தாலும் அந்த எண்ணம் உறுத்திக்கொண்டே இருந்தது.

தவளை எதைக் குறிக்கிறது என்ற கேள்விக்கு நம்மிடம் விடைகள் தயாராக இருக்கின்றன. கிணற்றுத் தவளை என்றால் குறுகிய அறிவு. சீனத்தில் சுவாங்சு சொல்லியிருக்கிறார், 1893 செப்டம்பர் 15-இல் விவேகானந்தர் சிகாகோவில் சொன்னார். எல்லாருக்கும் அதைக் கிணற்றிலிருந்து தூக்கிக் கடலைக் காட்ட ஆசை. உப்புத் தண்ணீரில் விட்டால் அது செத்துப்போகும் என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. நுணலோ தன் வாயால் கெடுவது. பழமொழி அதோடு அதை முடித்துவிட்டது. ரிக் வேதத்து ஏழாம் மண்டலம் இவற்றைவிட விளையாட்டுத்தனம் உள்ளது. மழையில் கத்தும் தவளைகளை, குரு சொல்லச் சீடன் திருப்பிச் சொல்வதற்கு ஒப்பிடுகிறது. பாடசாலை உள்ள தெருவில் ஒரு மழைக்கால ராத்திரியைக் கழித்தவனுக்கு இதற்கு உரை வேண்டாம்.

தமிழனின் தேரை இன்னும் விசித்திரமானது. அது எப்போதும் மூடிய பொருளுக்குள் இருக்கிறது. பருப்பில்லாத தேங்காயைத் தேரை விழுந்தது என்கிறோம். இளைத்துப்போன குழந்தையைத் தேரை பாய்ந்தது என்கிறார்கள். கல்லுக்குள் தேரை உண்டு, அதற்கும் ஆண்டவன் படியளக்கிறான். இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். இங்கிலாந்திலும் இருந்திருக்கிறது. வில்லியம் பக்லாண்ட் என்ற நிலவியலாளர் அதைச் சோதித்தே பார்த்தார். 1825 நவம்பரில் 24 தேரைகளைக் கல்லில் குடைந்த குழிகளுக்குள் வைத்து, கண்ணாடி போட்டு அடைத்து, தன் தோட்டத்தில் புதைத்தார். பன்னிரண்டு குழிகள் காற்றுப் புகும் சுண்ணாம்புக் கல்லில், பன்னிரண்டு இறுகிய மணற்கல்லில். ஒரு வருஷம் கழித்துத் திறந்தபோது மணற்கல்லில் இருந்தவை எல்லாம் செத்திருந்தன. சுண்ணாம்புக் கல்லில் சில உயிரோடிருந்தன. அவற்றைத் திரும்பவும் அடைத்தார். இரண்டாம் வருஷத்துக்குள் அவையும் செத்தன. படியளப்பு அத்துடன் நின்றது.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றே: தேரை உள்ளே எப்படிப் போயிற்று? வெளியே எப்படிப் போகும் என்று கேட்ட ஒரே கதையாக எனக்குத் தெரிவது தேரையர் கதை. தீராத தலைவலிக்காரனின் மண்டையோட்டை அகத்தியர் திறக்கிறார். மூளைமேல் ஒரு தேரை. பிடித்து இழுத்தால் மூளை கிழியும். குரு தயங்கி நிற்க, சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து அருகில் வைத்துக் கையால் அளைகிறான். சத்தம் கேட்டுத் தேரை தண்ணீருக்குள் தாவிவிடுகிறது. சீடனுக்குத் தேரையர் என்று பேர் வந்தது இதனால் என்பார்கள். சித்த மருத்துவ வரலாறாக இது எவ்வளவு தேறும் என்பது வேறு விஷயம். தேரையின் சுபாவம் தெரிந்த ஒருவர்தான் இதைக் கட்டியிருக்க வேண்டும். என் அக்கா இந்தக் கதையைக் கேட்டவளில்லை. ஈரச்சாக்குப் போடத் தெரிந்தவள்.

அரிசில்கிழாரின் குறுந்தொகைப் பாட்டு ஒன்று, 193, நினைவுக்கு வருகிறது. அரிசில் என்பது கும்பகோணத்தைத் தொட்டுக்கொண்டு போய்க் காரைக்காலில் கடலில் விழுகிற அரிசிலாற்றங்கரை ஊர் என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் கிழார் எங்கள் பக்கத்து மனுஷர். பாட்டு குறிஞ்சி. தலைவனின் நாட்டைத் தலைவி சொல்கிறாள். கள் ஊற்றிய நீலமணிச் சாடி போலக் குறுகிய வாய் உள்ள சுனை, அதற்குள் அகன்ற வாய்த் தேரைகள், அவற்றின் ஒலி கிளி ஓட்டும் தட்டைப் பறை போல. அப்படிப்பட்ட நாட்டுக்காரன் போன மாதத்து நிலவில் தன்னைத் தழுவியதை நினைக்கிறாள். இன்றும் தோளில் முல்லை வாசம் இருக்கிறது. சுனையின் வாய் குறுகல், தேரையின் வாய் அகலம். தேரை உள்ளேயே இருக்கிறது, அதன் ஒலி வெளியே போய்விடுகிறது. கட்டிப்பிடித்த கை போய்விட்டது, வாசம் தோளில் நிற்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக் கவிதையில் சாடியும் தேரையும் வாசமும் ஒன்றை ஒன்று விளக்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உள்ளுறை தேடுகிற உரைகாரனின் கை இங்கே பரபரக்கும். எனக்கும் பரபரத்திருக்கிறது.

சங்கக் கவிதையில் தவளை பெரும்பாலும் ஒலிதான். முல்லைப் பாட்டுகளில் அது கத்தினால் கார் வந்துவிட்டது, அவன் வரவில்லை என்று அர்த்தம். பழைய ஜப்பானியக் கவிதையிலும் அப்படியே. தவளை பாடும், பக்கத்தில் யமபுகி என்ற மஞ்சள் பூ இருக்கும். 1686-இல் பாஷோ அதைப் பாடவிடாமல் குதிக்கவிட்டார். முதல் அடியில் யமபுகியை வைக்கலாம் என்று சீடர் கிகாகு சொன்னதாகவும், பாஷோ அதை ஏற்காமல் பழைய குளத்தையே வைத்துக்கொண்டதாகவும் ஷிகோ என்ற இன்னொரு சீடர் எழுதியிருக்கிறார். தமிழில் ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தைப் பற்றி 1916-இலேயே பாரதி சுதேசமித்திரனில் எழுதிவிட்டான். 1980-களில் ஹைக்கூ தொகுதிகள் வரத்தொடங்கியதும் பாஷோவின் தவளை நம் வீடுகளில் வளர்ப்புப் பிராணியாயிற்று. ஆளுக்கொரு பாட்டிலில் ஒன்று. சொன்னபோது குதிக்கும், குதித்ததும் ஒரு ஞானம் பிறக்கும். மூன்றாவது வரியில் கட்டாயம் பிறந்தாக வேண்டும். அந்தத் தவளைகளில் ஒன்றுகூடத் தப்பிப் போனதாக நான் படிக்கவில்லை.

நண்பரின் தவளை போயிற்று. அதுதான் நான் அன்று கவனிக்காதது. அரிசில்கிழாருக்கு ஒலி மிஞ்சியது, பாஷோவுக்குத் தண்ணீரின் சத்தம். இவர் கவிதையில் அதுவும் இல்லை. மிஞ்சியது ஓர் எண். ஒன்று குறைகிறது. கல் நகரவில்லை. நேரில் இதைப் பார்த்தவனுக்கு வயிற்றில் ஒரு குளிர் ஏற்படும். என் வீட்டில் பலகைமேல் செங்கலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஏற்பட்டது. அவர் அந்தக் குளிரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், கல் இருக்கும் இடத்தையும் எண்ணிக்கையையும் தருகிறார். பிறகு மணி அடிக்கிறது. குறைந்தது ஒன்று, மீதி அத்தனையும் மேஜைக்குப் போகும். எதைக் குறிக்கிறது என்று நான் கேட்டது, போன தவளையைப் பிடித்துத் திரும்பத் தொட்டியில் போடச் சொன்ன மாதிரி. விடுதலை என்று அவர் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் நான் பாராட்டியிருப்பேன் என்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

எட்டாவது வரியின் கேள்வி மட்டும் கூடாது. அதை இன்றும் சொல்கிறேன். ஏழு வரியில் அது முடிந்துவிட்டது.

சென்ற மாதம் கும்பகோணத்தில் அவர் மகன் வீட்டுக்குப் போய் இதையெல்லாம் அவரிடமே சொன்னேன். காது சற்று மந்தம். அந்த நாலு வரி அவருக்கு ஞாபகமில்லை என்றார். இருந்திருக்கலாம். பேச்சு ஆய்வுக்கூடத்துக்குப் போயிற்று. 1987-இல் தவளைக்கால் ஏற்றுமதியைத் தடைசெய்யும்வரை பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வயல் வயலாகப் பிடித்து மூட்டை கட்டியதைச் சொன்னார். 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் பாடத்தில் அறுவையையே நிறுத்தச் சொன்னபோது தான் ஓய்வு பெற்றாகிவிட்டது என்றார். அவர் ராணா ஹெக்ஸாடாக்டைலா என்று சொல்லிக்கொடுத்த தவளை பிறகு யூஃப்ளிக்டிஸ் ஆகிவிட்டதாம். "பேர்லேர்ந்தும் தப்பிச்சுடுத்து" என்று சிரித்தார்.

கிளம்பும்போது கேட்டார்: "ரெண்டு போச்சுன்னீங்களே, அந்த ரெண்டாவது?"

"கிடைக்கலை."

"ஈரமில்லாத பக்கம் போயிருந்தா தூரம் போயிருக்காது. சுவரை ஒட்டித்தான் போகும். அலமாரிக்குப் பின்னால பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பையனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, புத்தக அலமாரியை நகர்த்தினேன். பழைய பத்திரிகைக் கட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. காய்ந்து, தூசி படிந்து, காகிதம்போல் கனமில்லாமல். கால் நாலும் மடங்கி உட்கார்ந்த நிலையில்தான் இருந்தது. பையன் அதை ஒரு தாளில் ஏந்திக்கொண்டு கிணற்றடிக்குப் போனான்.