உடைந்த கல்லும் உடைத்த கல்லும்

எரிமலை மேட்டையும் பழைய ஊர்களையும் தனிக் காரில், கூடவே வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுகிறோம் என்றால் லட்சக்கணக்கில் கட்டித் தான்சானியாவுக்குப் பறக்கிறார்கள். ஒல்டுவாய் பள்ளத்தாக்கில் ஆதிமனிதனின் கல்லைப் பார்த்து மெய்சிலிர்க்கிறார்கள். அதே ஆட்களிடம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தைச் சொல்லிப் பாருங்கள். "அங்க பாக்க என்ன சார் இருக்கு?"

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், சக நிலவியலாளர் வில்லியம் கிங்கோடு வந்தபோது அகப்பட்டது அத்திரம்பாக்கம். ஒல்டுவாயில் காலத்தைச் சொல்ல எரிமலைச் சாம்பல் இருந்தது. நமக்கு அது வாய்க்கவில்லை. மண்ணில் பதிந்த பழைய காந்தத் திசையையும், விண்கதிர் பட்டுக் கல்லுக்குள் உண்டாகும் அணுக்களையும் அளந்து, தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் 2011இல் அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்கு வயது 15 லட்சம் ஆண்டு என்றார்கள். உடனே 'ஆதித் தமிழன்' என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு: நம் மனித இனம் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. அந்தக் கல்லைத் தட்டியவர் வேறு ஆள்.

இனி விஷயத்துக்கு வருவோம். தானாக உடைந்த கல் வேறு, உடைக்கப்பட்ட கல் வேறு. இது தெரியாமல் அங்கே போவது வீண்.

பக்கத்து அல்லிக்குழி மலையே கூழாங்கற்கள் இறுகிக் கெட்டித்த மலைதான். அதிலிருந்து உதிரும் குவார்ட்சைட் கற்கள் வெயிலில் பிளக்கும், ஓடையில் உருண்டு மோதும். அப்படிப்பட்ட உடைப்பில் ஒழுங்கு இருக்காது. சில்லு பெயர்ந்த ஒரு தழும்பு பழையது, ஒன்று புதியது, திசையும் தாறுமாறு. ஆள் தட்டிய கல்லில் அடி விழுந்த இடத்துக்குக் கீழே சில்லு லேசாகப் புடைத்திருக்கும். அங்கிருந்து கிளிஞ்சலின் வரிகளைப் போல அலை விரியும். கைக்கோடரி என்றால் இரண்டு முகத்திலிருந்தும் தழும்புகள் வந்து ஒரே விளிம்பில் சேரும். விளிம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் தட்டியவருடைய முடிவு தெரியும்: இங்கே தட்டலாம், இங்கே போதும். மூன்றாவது வகையும் உண்டு, ஜேசிபி கடித்தது. உடைந்த முகம் பளிச்சென்று இருக்கும், காவி ஏறியிருக்காது. அதைத் தூக்கிக்கொண்டு செல்ஃபி எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், பேர் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. மிகப் பழைய கருவிகள் கிடைத்தது களிமண் படிவத்தில். இயற்கையாகப் பெரிய கல் இல்லாத படிவம் அது. அப்படியானால் யாரோ சுமந்து வந்திருக்க வேண்டும். இந்த ஒரு வரியைக் கேட்டும் உடம்பு சிலிர்க்காதவர் பேசாமல் மாலுக்குப் போகலாம்.

மழைக்காலம் முடிந்து, மண் கழுவிப்போன தை மாதத்தில் போங்கள். காலை எட்டு மணிக்குள், சாய்வெயிலில்தான் தழும்பு தெரியும். உச்சி வெயிலில் எல்லாக் கல்லும் ஒன்றுதான். கோயில் வரலாறு ஒப்பிக்கும் வழிகாட்டி வேண்டாம், நிலவியல் படிக்கும் பிள்ளை ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். கல்லைப் பையில் போடாதீர்கள். இடம் மாறிய கல் ஆய்வாளருக்குப் பாதிக்கு மேல் ஊமை. பிறகு பூண்டி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருப்பவற்றைப் பாருங்கள், கண் சரியாகத்தான் பழகியதா என்று தெரிந்துவிடும். பக்கத்துக் குடியம் குகைக்கு வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

எரிமலைக் கல் பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், வெளியே சொல்லாதீர்கள். பழவேற்காடு போகும் வழியில் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் தாண்டித் தச்சூர் கூட்டுரோட்டுக்கு வந்தால் கும்மிடிப்பூண்டி லாரிகள் எதிர்ப்படும். அந்த ஊர் உருக்காலைகளின் கசடு கண்ணில் பட்டால் கையில் எடுத்துப் பாருங்கள். கருப்பு, உள்ளெல்லாம் குமிழித் துளை. அசல் எரிமலைக் கல் என்று நண்பர்களை ஏமாற்றலாம்.

கடைசியாகப் பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டையில் இன்று மிஞ்சியது புதரும் மேடும்தான். ஃபிளமிங்கோவுக்காக வருகிறவர்கள் அதையும் கல்லறைத் தோட்டத்தையும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே படுத்திருக்கும் பலகைக் கற்களில் பெயரைப் படித்துவிட்டு நகராதீர்கள். குனிந்து எழுத்தின் ஓரத்தில் உளி போன வழியைப் பாருங்கள். காலையில் பழகிய கண்ணுக்கு அது தெரியும்.

இறால் சாப்பாட்டை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே சாப்பிட்டால் கூட வந்த பிள்ளையும் சேர்ந்து தூங்கிவிடுவார்.