மங்கிய அரங்கில் தற்காப்புக் கலைப் படங்கள்: ஒரு விமர்சனம்

நீலகிரி மாவட்டத்தில் பள்ளி மாணவர்களுக்கான கராத்தே, ஜூடோ, சிலம்பப் போட்டிகள் பெரும்பாலும் பள்ளிக் கூட்ட அரங்குகளிலும் சமுதாயக் கூடங்களிலும் நடக்கின்றன. குளிருக்காகச் சன்னல்கள் சாத்தியிருக்கும். கூரையில் சில டியூப் லைட்டுகள் எரியும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பிற்பகல் மூடுபனி இறங்கிவிட்டால் வாசல் வழியே வரும் வெளிச்சமும் குறைந்துவிடும்.

இத்தகைய அரங்குகளிலிருந்து வெளிவரும் படங்கள் இரண்டு வகைப்படும். ஒன்று, வெள்ளை உடைகள் புகைபோலக் கலைந்து முகம் தெரியாமல் போன சண்டைப் படம். மற்றொன்று, சிறப்பு விருந்தினருடன் பதக்கம் அணிந்து நிற்கும் வரிசைப் படம். முதல் வகை சரியாக வராததால் இரண்டாம் வகையே நாளிதழுக்கும் பள்ளி ஆண்டு மலருக்கும் போகிறது. இதற்குச் சொல்லப்படும் காரணம் ‘வெளிச்சம் போதவில்லை’ என்பது. அந்தக் காரணம் எவ்வளவு தூரம் சரி என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வெளிச்சத்தின் கணக்கு

காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் பாயும் ஒரு கையை 1/125 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தால், அந்த நேரத்திற்குள் கை 6 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். படத்தில் விரல்கள் இருக்காது. 1/1000 நொடியில் நகர்வு 8 மில்லிமீட்டர்தான். ஆனால் ஷட்டர் வேகத்தை எட்டு மடங்கு கூட்டினால் கேமராவுக்குள் வரும் ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறையும்.

ஓர் எடுத்துக்காட்டு. சுமாரான டியூப் லைட் அரங்கு ஒன்றில் ஐஎஸ்ஓ 6400, எஃப் 2.8 என்ற அளவில் 1/500 நொடி கிடைக்கிறது என்று கொள்வோம். கேமராவுடன் சேர்த்துத் தரப்படும் சாதாரண லென்ஸை நீட்டினால் அதன் திறப்பு எஃப் 5.6 அளவுக்குச் சுருங்கும். நான்கில் ஒரு பங்கு ஒளியே உள்ளே வரும். ஷட்டர் வேகம் 1/125 ஆகிவிடும்.

டியூப் லைட் இன்னொரு சிக்கலையும் தருகிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதனால் பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. 1/500 நொடியில் எடுக்கும்போது அந்தத் துடிப்பின் ஒரு பகுதி மட்டுமே பதிவாகும். தொடர்ந்து எடுத்த ஐந்து படங்களில் இரண்டு பளிச்சென்றும், மூன்று மங்கிப் பழுப்பேறியும் இருப்பது இதனால்தான். 1/100 அல்லது 1/50 நொடியில் இந்தத் தொல்லை இல்லை. கைக்கு வேகமான ஷட்டர் தேவை. விளக்குக்கு மெதுவான ஷட்டர் தேவை.

படச்சுருள் காலத்தில் நிலைமை இதைவிடக் கடினம். உதகையில் 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களைத் தயாரித்தது. அக்காலத்தில் 400 என்பதே வேகமான சுருளாகக் கருதப்பட்டது. மேலே சொன்ன அரங்கில் அதைக் கொண்டு 1/30 நொடியில்தான் படம் எடுக்க முடியும். இன்றைய கேமராவின் 6400 அதைப்போல் பதினாறு மடங்கு. கருவி பதினாறு மடங்கு முன்னேறியும் படங்கள் ஏன் முன்னேறவில்லை என்பதே நம் கேள்வி.

லூயிஸ்டன், 1965

உலகில் மிகவும் அறியப்பட்ட குத்துச்சண்டைப் படம் ஒரு பெருநகர அரங்கில் எடுக்கப்பட்டதல்ல. 1965 மே 25 அன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லூயிஸ்டன் என்ற சிறிய ஆலை நகரில், ஐஸ் ஹாக்கி ஆடும் இளைஞர் மையத்தில் எடுக்கப்பட்டது. பார்வையாளர்கள் சுமார் 2,400 பேர். முகம்மது அலி, சன்னி லிஸ்டனை முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். எடுத்தவர் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் நீல் லைஃபர். அப்போது அவருக்கு வயது 22.

மேடைக்கு மேலே ஃபிளாஷ் விளக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. ஒருமுறை மின்னிய பிறகு அவை மீண்டும் மின்னேற்றம் பெறச் சில நொடிகள் ஆகும். ஆகவே அந்தக் கணத்திற்கு ஒரே ஒரு படம்தான். அவருடைய இதழைச் சேர்ந்த மூத்த கலைஞர் ஹெர்ப் ஷார்ப்மன் எதிர்ப்பக்கம் இருந்தார். படத்தில் அலியின் கால்களுக்கு இடையே தெரிபவர் அவர்தான். அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு.

இந்தப் படத்தை மாணவர்கள் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். இதில் குத்து இல்லை. லிஸ்டன் கைகளை விரித்து மல்லாந்து கிடக்கிறார். அலி வலக்கையை மார்புக்குக் குறுக்கே மடக்கி, வாயைத் திறந்து அவரை நோக்கிக் கத்துகிறார். வீழ்த்திய அடியைச் சரியாகப் பார்க்கவில்லை என்று பலர் சொல்ல, அது ‘மாயக் குத்து’ என்றே பெயர் பெற்றது. அந்த விவாதத்தை லைஃபரின் படம் தீர்க்கவில்லை. அதனால் படத்தின் மதிப்பு குறையவும் இல்லை. அடித்தவருக்கும் விழுந்தவருக்கும் இடையே அந்த நொடியில் இருந்த உறவை அது காட்டுகிறது. நம் படக்காரர்கள் அடி விழும் கணத்தை மட்டுமே துரத்துகிறார்கள். மங்கிய ஒளியில் மிகவும் கடினமான கணம் அது. அதற்கு முன்பும் பின்பும் உள்ளவற்றைப் பிடிக்க அவ்வளவு ஒளி தேவையில்லை.

கலையே தரும் நிறுத்தம்

லைஃபருக்கு மேலே விளக்குகள் இருந்தன, நமக்கு இல்லை. போட்டியாளரின் கண்ணைக் கூசச் செய்யும் ஃபிளாஷை இங்கு பயன்படுத்தவும் கூடாது. ஆனால் விளக்கு தராததைக் கலை தருகிறது.

கராத்தேயின் கத்தா முறையில் ஒவ்வொரு அசைவும் ஓர் உறுதியான நிலையில் முடிகிறது. குமித்தே சண்டையில் அடியைக் கட்டுப்படுத்தி நிறுத்துவதே திறமை. அந்த நிறுத்தத்தில் கை ஏறக்குறைய அசையாமல் இருக்கும். தாவி உதைப்பவரின் உடல் உச்சியில் மேலும் ஏறாமல் கீழும் இறங்காமல் ஒரு கணம் தங்கும். இந்தக் கணங்களுக்கு 1/125 நொடியே பல நேரங்களில் போதும். ஆனால் அவை வரும் என்பதை முன்கூட்டியே அறிய, ஆட்டத்தை அறிந்திருக்க வேண்டும். கத்தாவை நான்கு முறை பார்த்தவருக்கு ஐந்தாம் முறை எங்கே அழுத்த வேண்டும் என்று தெரியும். பொத்தானை அழுத்தியபடியே நொடிக்கு இருபது படம் எடுப்பவருக்கு அது தெரிய வேண்டிய அவசியம் ஏற்படுவதே இல்லை.

சிலம்பத்தில் நிலைமை தலைகீழ். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்ற பிறகு அதன் படங்கள் பெருகியுள்ளன. அவற்றில் பல, நல்ல வெளிச்சத்தில் மிக வேகமான ஷட்டரில் எடுக்கப்பட்டவை. கம்பு கூர்மையாகத் தெரிகிறது. அதனாலேயே பிள்ளை வெறுமனே கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது. சுழற்சி தொலைந்துவிட்டது. 1/50 நொடியில், தூணில் சாய்ந்து கேமராவை ஆடாமல் பிடித்து எடுத்தால், ஊன்றிய கால்கள் தெளிவாகவும் கம்பு வட்டமாகவும் பதியும். மங்கிய அரங்கு இங்கே உதவியாகவே அமைகிறது.

இடத்தைத் தேர்வதும் இதே அறிவைச் சார்ந்தது. சன்னலைப் போட்டியாளருக்குப் பின்னால் வைத்தால் நிழலுருவமே கிடைக்கும். படக்காரர் சன்னல் பக்கம் நின்றால், மூடுபனியில் வடிகட்டி வரும் மெல்லிய ஒளி முகத்தில் விழும். வெள்ளை உடை படத்தை நிரப்பும்போது கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கும். ஒளிப்பதிவு அளவை ஒரு படி கூட்டிவைத்தால் முகம் மீளும்.

யாருடைய படம்?

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றின் ஆண்டு மலரில், தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள் ஒருத்தி ஜூடோவில் வென்ற செய்தி வந்தது. படத்தில் விருந்தினர் நடுவில் இருந்தார். அவள் ஓரத்தில், பாதி முகத்துடன். அவள் எதிராளியை எப்படித் தூக்கி எறிந்தாள் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. தோற்ற பெண்ணின் படம் எங்குமே இல்லை.

‘வெளிச்சம் போதவில்லை’ என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, ஆட்டத்தைப் பார்க்காமல் பரிசளிப்புக்காகக் காத்திருக்கும் பழக்கம். பரிசளிப்பு மேடைக்கு எப்போதும் நல்ல விளக்கு போடுகிறோம். அந்த விளக்குகளில் இரண்டைக் களத்தின் பக்கம் திருப்பினாலே பாதிச் சிக்கல் தீரும்.