இப்போது கேட்டுக்கொண்டிருப்பது

நம் வட்டத்துக் கடிதங்களில் ஒரு வழக்கம் படிந்துவிட்டது. கவிதை பற்றி, நின்றுபோன பத்திரிகை பற்றி, அச்சுக்கூலி பற்றியெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: இப்போது கேட்டுக்கொண்டிருப்பது அமீர் கானின் மார்வா. அல்லது பீத்தோவனின் கடைசிக் காலத்து நால்வாத்திய இசை. அல்லது ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. அதற்குக் கீழே கையெழுத்து. பதில் எழுதுகிறவரும் தன் பங்குக்கு ஒரு பெயரை எழுதி முடித்துக்கொள்கிறார்.

ஒரு கவிதையைப் படித்ததாக யாராவது எழுதினால் எந்த வரி, ஏன் என்று கேட்டுக் குடைகிற நாம், சங்கீதம் என்றதும் பெயரோடு திருப்தியடைந்துவிடுகிறோம். பாங்கில் பேரேடு பார்க்கிறவனுக்கு இது பழக்கமான நிலைமை: வரவு பதிவாகியிருக்கிறது, பணம் கைக்கு வந்ததா என்பதுதான் தெரியவில்லை. கேட்டவருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு அந்த வரியில் சாட்சியம் இல்லை. மறுக்கவும் முடியாது. மறுக்க முடியாத ஒரு அபிப்ராயத்துக்கு விமர்சனத்தில் என்ன இடம்?

தென்காசியில் இருந்துகொண்டு இதைக் கேட்பவன் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரைச் (1882–1954) சுற்றிக்கொண்டு போய்விட முடியாது. கேட்டதையும் படித்ததையும் நாலு பேரோடு பகிர்ந்துகொள்வதையே வாழ்நாள் காரியமாகச் செய்தவர் அவர். திருநெல்வேலி வீட்டின் வட்டத்தொட்டியில் தொடங்கி, பிறகு குற்றாலத்தில் சாரலோடு சாரலாகத் தொடர்ந்த அந்தக் கூட்டத்தில் நடந்தது என்ன? ஒரு பாட்டைச் சொல்வார். மறுபடியும் சொல்வார். ஓரிடத்தில் நிறுத்துவார். எதிரில் இருப்பவர் காதில் அது விழுந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போவார். பொருள் எல்லோருக்கும் நடுவில் இருந்தது. கேட்டவர் அங்கேயே, அப்போதே, எனக்கு இது படவில்லை என்று சொல்ல வழி இருந்தது.

வழி இருந்தது; சொன்னவர்கள் அதிகமில்லை. வட்டத்தின் குறை அங்கேதான். விருந்து வைப்பவர் ருசியே எல்லோர் ருசியாகவும் ஆகிவிடுகிற ஆபத்து ரசனை மரபில் எப்போதும் உண்டு. டி.கே.சி. தமக்கு ரசிக்காத செய்யுட்களைக் கம்பனுடையவை அல்லவென்றே ஒதுக்கினார்; பாடங்களைத் திருத்தவும் தயங்கவில்லை. 1959இல் 'எழுத்து'வைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா அலசலை வற்புறுத்தியதற்கு இந்த ரசனைப் போக்கின் மீதான சலிப்பும் காரணம். அந்த வற்புறுத்தலின் வாரிசுகள்தான் நாம். ஆனால் அலசலைக் கவிதையோடும் கதையோடும் நிறுத்திக்கொண்டோம். சங்கீதத்துக்கு ரசனைகூட மிஞ்சவில்லை, பட்டியல்தான் மிஞ்சியது.

டி.கே.சி.யோடு எனக்குள்ள வேறுபாடு இதைவிட அடிப்படையானது. தமிழிசை இயக்கத்தில் அவர் முன்வரிசையில் நின்றவர். 1941இல் அண்ணாமலை நகரில் நடந்த மாநாடும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் எதற்காக வந்தன என்பது தெரிந்ததே. தமிழ்ப் பாட்டுகளைக் கச்சேரியின் கடைசியில் துக்கடாவாகத் தள்ளிவைத்திருந்த காலம் அது. கேட்பவனுக்குப் புரியாத பாஷையில் பாடினால் பாவம் எப்படி எட்டும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு இந்த வட்டாரத்திலேயே சாட்சி இருக்கிறது. இன்றைய தென்காசி மாவட்டத்துச் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தில் சொல்லை எடுத்துவிட்டால் தாளமே இடறும். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியும் அப்படித்தான்.

சரி. ஆனால் நாயனம்?

சொல் புரிந்தால்தான் சங்கீதம் எட்டும் என்ற கொள்கை நாயனத்தின் முன் வாயடைத்து நிற்க வேண்டியிருக்கிறது. சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரிக்குச் சாஹித்யம் கிடையாது. வீதி வீதியாக நின்று விஸ்தரிக்கிற ராக ஆலாபனைக்கும் கிடையாது. நாயனக்காரர்கள் வாய்ப்பாட்டும் கற்றவர்கள், கிருதி வாசிக்கும்போது சொல்லை மனதில் வைத்துத்தான் துத்துக்காரம் போடுகிறார்கள் என்று பதில் வரலாம். உண்மைதான். ஆனால் அது வாசிப்பவர் மனதில் இருக்கிற சொல். தெருவில் நிற்கிறவனுக்கு அது தெரியாது, தெரியாமலே நிற்கிறான். தெலுங்கும் தெரியாது, ராகத்தின் பெயரும் தெரியாது. இருந்தும், எங்கே உருப்படியாக ஒன்று நடந்தது என்பது அவனுக்குத் தெரிகிறது. டி.கே.சி. வாழ்ந்த அதே திருநெல்வேலிச் சீமைதான் காருகுறிச்சி அருணாசலத்தை (1921–1964) தந்தது. சொல்லை நம்பிய வட்டம் ஒரு பக்கம், சொல்லே இல்லாத சங்கீதத்துக்குக் கூடிய கூட்டம் இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இங்குள்ள கேட்கும் பழக்கத்தைப் பற்றிப் பேச முடியாது.

கவிதை எழுதுகிறவர்களுக்கு இது வெளி விஷயம் அல்ல. அர்த்தம் கைக்கு வருமுன்பே ஒரு வரி நம்மைப் பிடித்துக்கொள்கிறதே, அது எதனால் என்ற கேள்விக்கு நாயனம் கேட்கிற கூட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதிலை எழுத்தாக்க நமக்குப் பாஷை இல்லை என்பதுதான் சங்கடம்.

பாஷைக்கு இரண்டு முயற்சிகள் நடந்திருக்கின்றன. கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' எழுதினார். இங்கிலாந்தில் பெர்னார்ட் ஷா 1889இல் 'கார்னோ டி பாஸெட்டோ' என்ற புனைபெயரில் 'ஸ்டார்' பத்திரிகையில் எழுத ஆரம்பித்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். இருவரும் சாதாரண வாசகனை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு எழுதினார்கள். வித்வத் பரிபாஷையை ஷா எவ்வளவு வெறுத்தார் என்பதற்கு 1893இல் எழுதிய ஒரு பகடி உதாரணம்: இசைப் பண்டிதர்கள் எழுதுகிற பாணியில், ஹாம்லெட்டின் தனிமொழியை இலக்கணப் பாகுபாடு செய்து காட்டினார். பாகுபாட்டில் பிழை இல்லை, ஹாம்லெட் மட்டும் காணாமல் போயிருந்தான். நம் சபா விமர்சனங்களில் ஆரோகணமும் அவரோகணமும் கணக்கும் இதே வேலையைத்தான் செய்கின்றன. கல்கியிடம் இந்த நோய் இல்லை. அவரிடம் வேறொன்று இருந்தது: வாசகனைச் சிரிக்கவைத்துவிட்டால் காரியம் முடிந்ததென்ற நிம்மதி.

இரண்டாவது முயற்சி கதையில் நடந்தது. மௌனியின் 'பிரபஞ்ச கானம்', ஜானகிராமனின் 'மோகமுள்' இரண்டையும் சொல்ல வேண்டும். 'மோகமுள்'ளில் வடக்கிலிருந்து வந்தவர்கள் பாடும் இடத்தில் பாடுபவரைவிடக் கேட்பவரே எழுதப்படுகிறார். அந்நியமான ஒரு குரல் பாபுவின் காதில் விழுந்ததும் அதுவரை அவன் குரல் என்று நினைத்திருந்தது சந்தேகத்துக்குள்ளாகிறது. கேட்பது என்பதற்கு இதைவிட நல்ல வரையறை நம் விமர்சனத்தில் கிடையாது. கேட்டது நம் கையிருப்பில் எதைச் செல்லாததாக்கியது? இதற்குப் பதில் இருந்தால்தான் 'இப்போது கேட்டுக்கொண்டிருப்பது' என்ற வரிக்கு அர்த்தம்.

அந்த அளவுகோலில் என் வரியையும் வைக்கிறேன். இப்போது கேட்டுக்கொண்டிருப்பது 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்து 'சிங்காரவேலனே தேவா'. எஸ். ஜானகியின் குரல், காருகுறிச்சியின் நாயனம், எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசை. சினிமாப் பாட்டு என்பதால் நம் கடிதங்களில் ஒருபோதும் இடம்பெறாத பெயர். காருகுறிச்சியின் நாயனத்தைத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் கேட்டது இதில்தான் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம்.

ராகம் ஆபேரி என்று எழுதிவிடலாம். ஆனால் எந்த ஆபேரி? தீக்ஷிதர் மரபில் இதற்குச் சுத்த தைவதம்; முசிரி சுப்பிரமணிய ஐயர் பாடிப் பிரசித்தமாக்கிய தியாகராஜரின் 'நகுமோமு'வழியாக இன்று நிலைத்திருப்பது சதுச்ருதி தைவதம். பெயர் அப்படியே இருக்க, உள்ளே ஒரு ஸ்வரம் மாறிவிட்டது. பட்டியலை நம்புகிறவர்களுக்கு இதுவே போதுமான எச்சரிக்கை.

நான் சொல்ல வருவது பாட்டில் ஸ்வரம் வருகிற இடத்தை. குரல் ஸ்வரங்களைப் பெயர் சொல்லிப் பாடுகிறது, நாயனம் பதில் சொல்கிறது. குரலுக்கு ஒவ்வொரு ஸ்வரத்திலும் ஒரு எழுத்தை உச்சரித்தாக வேண்டிய கட்டாயம். ஒன்று முடிந்து ஒன்று தொடங்குகிற விளிம்பு தெரிகிறது. நாயனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதே ஸ்வரங்கள், அதே வரிசை, பெயர்கள் மட்டும் இல்லை. பெயர் உதிர்ந்ததும் விளிம்பும் கரைந்து, ஏழு தனித்தனிப் பொருள்களாக இருந்தது ஒரே சலனமாகிவிடுகிறது. திருப்பிச் சொல்வதாகத்தான் தோன்றும். திருப்பிச் சொல்லப்பட்டதில் முன்பு இல்லாத ஒன்று சேர்ந்திருக்கிறது. குரல் மறுபடி வரும்போது எழுத்துகளே சற்றுக் கூச்சத்தோடு வருவதாகப் படுகிறது.

கவிதையில் சொல்லின் விளிம்பைக் கூராக்குவதே நவீனம் என்று பேசிவருகிறோமே, அந்தக் கொள்கையின் கையிருப்பை இந்தச் சில நொடிகள் குறைத்துவிட்டன. சொல்லைப் பெயராகவே வைத்துக்கொண்டு விளிம்பை மட்டும் கரைக்க முடியுமா? தமிழில் அதைச் செய்த கவிதை எது? விடை என்னிடம் இல்லை. கேள்வி நாயனத்திடமிருந்து வந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இதை மறுக்கலாம். குரலில் விளிம்பே இல்லை, எல்லாம் உன் காதின் கற்பனை என்று யாராவது எழுதலாம். பாட்டு எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது, உடனே கேட்டுப் பார்க்கலாம். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிஷம்தான் கிடைத்தது. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். இன்று எல்லாமே கிடைக்கிறது என்பதால் எதையும் இரண்டாம் முறை கேட்கவேண்டிய அவசியம் இல்லாமல் போயிருக்கிறது. வட்டத்தொட்டியின் ரசனையில் நமக்கு ஆயிரம் தகராறு இருக்கலாம். மறுபடியும் சொல், நிறுத்து, கேட்டதா என்று பார் என்ற அதன் முறையை மட்டும் நாம் விட்டுவிட்டிருக்க வேண்டியதில்லை.

நண்பர்கள் அடுத்த கடிதத்தில் பெயர் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. எந்த இடம் என்று எழுதட்டும்.