நாய் நனைத்த மின்பெட்டி

ஏசி/டிசி ராக் குழுவின் முதல் ஆல்பம் 1976-இல் வந்த ‘ஹை வோல்டேஜ்’ என்றே பலர் நினைக்கிறார்கள். தலைச்சன் வேறு. அதே பெயரில் 1975 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில் மட்டும் வெளியான தட்டு அது. அட்டையில் ஒரு மின்பெட்டி, அதன்மேல் காலைத் தூக்கும் நாய். எட்டுப் பாட்டுகளில் இரண்டுதான் உலகப் பதிப்புக்குப் போயின. மீதி இடத்தை அடுத்த ஆல்பமான ‘டி.என்.டி’ நிரப்பியது. நாயும் போகவில்லை. வியாபாரக் கணக்கில் சரிதான். ஆனால் குரலைத் தேடித் தடுமாறிய ஒரு குழு அந்தக் கழித்தலில் காணாமல் போயிற்று.

பதிவு நடந்தது 1974 நவம்பரில், சிட்னி ஆல்பர்ட் ஸ்டூடியோவில். தயாரிப்பாளர்கள் ஹாரி வாண்டாவும் ஜார்ஜ் யங்கும். கிதார் வாசித்த மால்கம், ஆங்கஸ் இருவருக்கும் ஜார்ஜ் அண்ணன். ‘ஈஸிபீட்ஸ்’ குழுவில் முன்பே பேர் வாங்கியவர். கிளாஸ்கோவிலிருந்து 1963-இல் வந்த அந்தக் குடும்பம் தங்கியது வில்லாவுட் குடியேறிகள் விடுதியில். (பின்னாளில் ஈழத்திலிருந்து வந்தவர்களை அடைத்து வைத்த முகாமும் அதே வில்லாவுட்தான்.)

அண்ணன் பிடித்த கடிவாளம் தட்டுக்குப் பலம். ஆறு நிமிடத்தைத் தாண்டும் ‘சோல் ஸ்டிரிப்பர்’ பாட்டில் தம்பிகள் இருவரும் இரட்டை நாதஸ்வரம் போல மாறி மாறிப் பிடித்து ஏறுகிறார்கள். பிற்காலத்தில் மால்கம் தாளக் கிதாரோடு நின்றுகொண்டார். இந்தப் போட்டி அரிதாயிற்று. இதற்காகவே தட்டைத் தேடிக் கேட்கலாம்.

சறுக்கல் தாளத்தில். பெரும்பாலான பாட்டுகளுக்கு வெளியிலிருந்து டிரம்ஸ் கலைஞர் டோனி கரென்டியை அழைத்து வாசிக்க வைத்தார்கள். கை சுத்தம்தான், ஆனால் கூடவே மேடையேறி வேர்த்தவரின் ஒட்டுதல் இல்லை. 1975-இல் டிரம்ஸுக்கு ஃபில் ரட் வந்த பிறகுதான் காலப்பிரமாணம் கல்லாய் நின்றது.

பாட்டுவரிகளிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. பாடகர் பான் ஸ்காட்டின் குறும்பு பல இடங்களில் பெண்ணைச் சரக்காகப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. உருகப் பார்த்த ‘லவ் சாங்’ அவர் தொண்டைக்கு இரவல் சட்டை. சிங்கிளாக முன்னே தள்ளியதும் அதைத்தான். வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். பின்பக்கம் இருந்தது ‘பேபி, ப்ளீஸ் டோன்ட் கோ’, பிக் ஜோ வில்லியம்ஸ் 1935-இல் பதிவு செய்த பழைய ப்ளூஸ். மெல்பர்னில் ‘கவுன்ட்டவுன்’ தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அதைப் பாட ஸ்காட் பள்ளிச் சிறுமி வேடத்தில், இரட்டைச் சடையோடு வந்து நின்றார்.