லயத்து வீடும் ரஸ்புல்ட்டின் கணக்கும்

ஒருவர் தன் துணையை விட்டுப் போகாமல் ஏன் நிலைத்திருக்கிறார்? இந்தக் கேள்விக்கு உளவியலில் இன்றும் அதிகம் எடுத்தாளப்படும் விடை 1980-இல் வந்தது. அமெரிக்க உளவியலாளர் கேரில் ரஸ்புல்ட் சொன்னது இதுதான்: மனநிறைவு மட்டும் ஆளைக் கட்டிவைப்பதில்லை. உறவில் கிடைக்கும் நிறைவு, விட்டுப் போனால் என்ன வழி என்ற மாற்று, இதுவரை உறவில் போட்டதில் எவ்வளவு கைநழுவும் என்ற இழப்பு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் பிணைப்பை உண்டாக்குகின்றன. மாற்றுவழி குறையக் குறையப் பிணைப்பு ஏறும். இழப்பு பெரிதானாலும் ஏறும். 2003-இல் லீ, அக்னியூ என்ற இருவர் 52 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 11,582 பேரின் விடைகளை அலசினார்கள். ஆளுக்கு ஆள் பிணைப்பில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இந்த மூன்றே விளக்கிவிட்டன. மனித மனத்தைப் பற்றிய கோட்பாடுகளில் இது அபூர்வமான வெற்றி.

ஆனால் அந்த விடைகளைத் தந்தவர்களில் மிகப் பலர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள். காதல் முறிந்தால் அவர்கள் இழப்பது காதலைத்தான். தலைக்கு மேலிருக்கும் கூரை அப்படியே இருக்கும். மலேசியாவின் லெம்பா பெர்த்தாமில் கதை வேறு. ரிங்லெட் ஊரை ஒட்டிய இந்தப் பள்ளத்தாக்கிலும் அதைச் சூழ்ந்த கேமரன் மலைச் சரிவுகளிலும், 1929-இல் ‘போ’ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலந்தொட்டு, தமிழ்க் குடும்பங்கள் கொழுந்து பறித்து லயம் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்து வந்திருக்கின்றன. இன்று பள்ளத்தாக்கின் பெரும்பகுதியைக் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் மூடிவிட்டன. தேயிலை இருக்கும் இடங்களில் லயமும் இருக்கிறது. ரஸ்புல்ட்டின் கணக்கு இங்கே செல்லுமா என்பதே என் கேள்வி.

முதலில் அது எங்கே செல்லுகிறது என்று பார்ப்போம். தோட்டத்துத் தம்பதிகளைப் பற்றி இரண்டு பேச்சுகள் நம்மிடையே உலவுகின்றன. ‘அந்தக் காலத்துச் சனங்க ஒத்துமையா இருந்தாங்க, யாரு கோர்ட்டுக்குப் போனா?’ என்பது ஒன்று. ‘குடி, படிப்பில்லாமை, அதான் அடிதடி’ என்பது மற்றொன்று. முதல் பேச்சு, பிரியாமல் இருந்ததையே மனப்பொருத்தத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறது. அந்த முடிச்சை ரஸ்புல்ட் அவிழ்த்துவிட்டார். 1995-இல் அவரும் சக ஆய்வாளர் மார்ட்ஸும் காப்பகத்தில் அடைக்கலம் தேடி வந்த பெண்களை ஆராய்ந்தார்கள். அடித்த கணவனிடமே திரும்பிப் போகும் மனநிலை யாரிடம் வலுவாக இருந்தது? பொருளாதார மாற்றுவழி இல்லாதவர்களிடமும், மணவாழ்வில் நிறையப் போட்டுவிட்டவர்களிடமும். விரும்பாமலே சார்ந்திருக்கும் நிலை என்று அதைக் கண்டு சொன்னார்கள். ‘பிள்ளைங்க முகத்தப் பாத்து இருந்துக்கம்மா’ என்று லயத்துப் பெரியவர்கள் சொன்னதில் மகிழ்ச்சி பற்றி ஒரு சொல்லும் கிடையாது. இழப்பு பற்றி மட்டுமே இருக்கிறது. அவர்கள் கணக்கும் ரஸ்புல்ட் கணக்கும் ஒன்றே.

கோட்பாட்டை இன்னும் கடுமையாகச் சோதிக்க வரலாறு வழிவிடுகிறது. 1921-இல் மலாயா இந்தியரிடையே ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. துணை கிடைப்பது அரிதென்றால் ஆணுக்கு மாற்றுவழி குறைவு, பெண்ணுக்கு அதிகம். பெண்கள் துணையை விட்டுப் போவது கூடுதலாக இருக்கவேண்டும் என்று கோட்பாடு முன்கூட்டியே சொல்லும். அப்படித்தான் நடந்தது. காலனி ஆட்சிக் கோப்புகளில் ஓடிப்போன மனைவிகள், வழக்குப் போட்ட கணவன்கள், வெட்டுக்குத்துகள் நிறைய உண்டு. அதிகாரிகள் இதைக் கூலிப் பெண்களின் ஒழுக்கக்கேடு என்று எழுதி முடித்தார்கள். அருணிமா தத்தா 2021-இல் வெளியிட்ட ‘ஃப்ளீட்டிங் ஏஜென்சீஸ்’ என்ற நூல் அதே கோப்புகளைத் திருப்பிப் படிக்கிறது. நெருக்கடிக்குள் நின்று தனக்கென முடிவெடுத்த பெண்களை அது காட்டுகிறது. அந்த வாசிப்பை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

ஆனால் இந்த இடத்தில்தான் கணக்கு இடறவும் தொடங்குகிறது. பெண் அரிதானால் பெண்ணின் கை ஓங்கும் என்பதோடு கோட்பாடு நின்றுவிடுகிறது. மார்சியா குட்டென்டாக், பால் செக்கார்டு எழுதிய 1983-ஆம் ஆண்டு நூல் அடுத்த அடியை எடுத்து வைத்தது. இருவருக்கிடையே உள்ள பலம் வேறு, சட்டமும் சொத்தும் தரும் பலம் வேறு என்று அவர்கள் பிரித்தார்கள். முதல் பலம் பெண்ணிடம் போனால், இரண்டாவதைக் கையில் வைத்திருப்பவர்கள் அவளைக் கட்டிப்போட அதைப் பயன்படுத்துவார்கள்.

மலாயாவில் அந்தக் கட்டு குற்றவியல் சட்டத்தின் 498-ஆம் பிரிவு. மணமான பெண்ணைக் கவர்ந்து சென்றவன்மேல் கணவன் வழக்குப் போட முடிந்தது. அவள் விரும்பியே போயிருந்தாலும் வழக்கு நின்றது. தன் கணவனை இழுத்துப் போனவள்மேல் மனைவி இந்தப் பிரிவில் வழக்குப் போட முடியவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் இப்பிரிவு உயிரோடிருந்தது. பாலினப் பாகுபாடு என்று கூறி மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது 2023 டிசம்பரில்தான். கூலியும் அதே திசையில் வேலை செய்தது. 1920-களின் இறுதியில் நிர்ணயித்த தினக்கூலியில் ஆணுக்கு ஐம்பது காசு என்றால் பெண்ணுக்கு நாற்பது.

ரஸ்புல்ட்டின் ஆதரவாளர் மறுப்பார்: ‘சட்டம், கூலி, வீடு எல்லாம் மாற்றுவழி என்ற தலைப்பில் அடங்கும், கோட்பாட்டில் குறை இல்லை.’ இதை மேலோட்டமாகத் தள்ளக்கூடாது. அதனால் 1998-இல் ரஸ்புல்ட்டும் மற்ற இருவரும் வெளியிட்ட வினாப்பட்டியலைப் பார்க்கவேண்டும். உலகமெங்கும் ஆய்வாளர்கள் கையாள்வது அதுதான். மாற்றுவழி பற்றி அது கேட்பது, வேறொருவரோடு பழகுவதும் நண்பர்களோடோ தனியாகவோ பொழுது கழிப்பதும் எவ்வளவு ஈர்ப்பாகத் தோன்றுகின்றன என்பதை. வீடு யார் பேரில் என்று கேட்கவில்லை. தோட்டத்தில் அதுதான் முதல் கேள்வி. லயத்து வீடு வேலைக்கு ஒட்டிய வீடு. மலேசியாவின் 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் தண்ணீர், கழிப்பறை, இடவசதி ஆகியவற்றுக்கு அளவு வைத்தது. வேலை போன பிறகும் குடியிருக்கும் உரிமையைத் தரவில்லை. வீடு கணவனின் வேலையோடு ஒட்டியிருந்தால், அவனைப் பிரிபவள் வீட்டையும் அடுத்த வீட்டு அக்காவையும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவையும் ஒரே நாளில் இழக்கிறாள்.

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. பிணைப்பு கூடியவர்கள் மாற்றுத் துணைகளைத் தாமாகவே மட்டமாக மதிப்பிடுகிறார்கள் என்று 1989-இல் ஜான்சன் என்ற ஆய்வாளரும் ரஸ்புல்ட்டுமே காட்டினார்கள். அப்படியானால் ‘எனக்கு வேறு வழி ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை’ என்று லயத்திலிருந்து வரும் விடை எதைச் சொல்கிறது? உள்ளத்தின் பற்றா, வெளியே பூட்டிய கதவா? தாளில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்.

இங்கே மைக்கேல் ஜான்சன் என்ற மற்றொரு அறிஞர் உதவுகிறார். 1999-இல் இரு துணையாசிரியர்களோடு எழுதிய கட்டுரையில் அவர் பிணைப்பை மூன்றாகப் பிரித்தார். தோட்டத்துப் பேச்சில் சொன்னால்: இருக்க ஆசை, இருக்கணும், இருந்துதான் ஆகணும். மூன்றையும் தனித்தனியே அளந்தார், ஒன்றாகக் கூட்டவில்லை. யார் பிரிவார் என்று முன்கூட்டிச் சொல்வதில் ரஸ்புல்ட்டின் கைதான் மேல். இருப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று அறிய அந்தக் கூட்டுத்தொகை பயன்படாது.

ஆகவே என் தீர்ப்பு: யார் பிரிவார் என்று கணிக்கும் ஆய்வாளருக்கு ரஸ்புல்ட் போதும், ஆலோசகருக்கும் சமரசக் குழுவுக்கும் போதாது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சட்டப்படி, ஒருதலையாக விவாகரத்து கேட்பவர், விதிவிலக்குகள் நீங்கலாக, முதலில் சமரசக் குழுமுன் போகவேண்டும். பிறகு மனு போவது உயர் நீதிமன்றத்துக்கு. அது இந்த மலையில் இல்லை. குழுமுன் வந்து ‘சரி, இருந்துக்கிறேன்’ என்று சொல்லும் பெண்ணிடம் அது மூன்றில் எந்த இருத்தல் என்று கேட்காமல் கோப்பை மூடுவது தவறு. குடும்ப வன்முறைச் சட்டம் 1996-இல் நடப்புக்கு வந்தது. பாதுகாப்பு ஆணை கேட்கலாம். ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வீட்டுக்குப் போவது என்பது அப்போதும் தனிக் கேள்வி.

இரண்டு கோட்பாடுகளும் கைவிடும் ஒரு கூட்டம் இன்று இதே சரிவுகளில் கொழுந்து வெட்டுகிறது. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, தமிழ்நாடு என்று பல இடங்களிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர்கள். குடும்பத்தை அழைத்து வரக்கூடாது, இங்கே திருமணமும் செய்யக்கூடாது என்பது அந்த பெர்மிட்டின் நிபந்தனை. ரஸ்புல்ட்டும் மைக்கேல் ஜான்சனும் ஆராய்ந்தது பிரிவதற்கான தடைகளை. சேர்வதற்கே தடை போட்டால் நெருக்கம் எந்த வடிவம் எடுக்கும், ஆண்டுக்கணக்கில் கைப்பேசித் திரையில் நடக்கும் மணவாழ்வில் ‘நிறைவு’ என்பதை எப்படி அளப்பது என்பதற்கு இருவரிடமும் ஒரு வினாகூட இல்லை. கேமரன் மலையில் அடுத்த ஆய்வைத் தொடங்குபவர் அங்கிருந்து தொடங்கவேண்டும்.