டிச்போர்ன் குடும்பத்து மகனும் குடிவழிப் பதிவுகளும்

குடிவழிப் பதிவுகள், அதாவது ஒரு குடும்பத்தின் பிறப்பு, திருமணம், இறப்பு, உயில் ஆகியவற்றைத் தலைமுறை வாரியாகத் தொடுத்துக் காட்டும் ஏடுகள், செல்வக் குடும்பத்து மகன் ஒருவனின் வாழ்வைத் தேடுவோர்க்கு முதலில் கைகொடுக்கும் சான்றுகளாகும். எனினும் பட்டமும் நிலமும் யாரைச் சேரும் என்பதை நிலைநாட்டவே அவை பெரும்பாலும் பேணப்பட்டன. அவற்றின் வலிமை, குறை இரண்டும் இந்நோக்கத்திலிருந்தே பிறக்கின்றன என்பதற்கு இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியைச் சேர்ந்த ரோஜர் சார்லஸ் டிச்போர்னின் வரலாறு தக்க சான்று.

டிச்போர்ன் குடும்பம் 1621 முதல் பாரனெட் என்னும் பரம்பரைப் பட்டத்தை உடைய கத்தோலிக்க நிலவுடைமைக் குடும்பம். ரோஜர் 1829 ஜனவரி 5 அன்று பாரிசில் பிறந்து, பதினாறு வயதுவரை தாயின் விருப்பப்படி பிரான்சிலேயே வளர்ந்து, பின்னர் ஸ்டோனிஹர்ஸ்ட் என்னும் இயேசு சபைப் பள்ளியில் பயின்று, 1849இல் குதிரைப்படையில் சேர்ந்து, 1853இல் தென் அமெரிக்கா சென்றார். 1854 ஏப்ரலில் ரியோ டி ஜெனிரோவிலிருந்து அவர் ஏறிய பெல்லா என்ற கப்பல் கரைசேரவில்லை. மறு ஆண்டு அவர் இறந்தவராகக் கொள்ளப்பட்டார். தந்தை 1862இலும் தம்பி ஆல்பிரட் 1866இலும் இறக்க, ஆல்பிரட் மறைந்த சில மாதங்களில் பிறந்த குழந்தையிடம் பட்டம் சென்றது. குடிவழிப் பட்டியலைப் பொறுத்தவரை ரோஜர், மணமாகாமல் கடலில் மாண்டவர் என்ற ஒரே வரிதான்.

அந்த வரியைத் தாய் ஏற்கவில்லை. அவர் வெளியிட்ட விளம்பரங்களின் விளைவாக, ஆஸ்திரேலியாவின் வாகா வாகா ஊரில் தாமஸ் காஸ்ட்ரோ என்ற பெயரில் வாழ்ந்த இறைச்சிக்கடைக்காரர் தாமே ரோஜர் என முன்வந்தார். 1867 ஜனவரியில் பாரிசில் அவரைக் கண்ட தாய் மகனென்றே ஏற்றுக்கொண்டார். பெற்ற தாயின் கண்ணும் பிழைபட்ட இடத்தில்தான் பதிவுகளின் தகுதி வெளிப்பட்டது. ஆஸ்திரேலியாவில் எழுதிய உயிலில் காஸ்ட்ரோ தம் தாயின் பெயரை ஹன்னா பிரான்சஸ் எனக் குறித்திருந்தார். உண்மையான ரோஜரின் தாயோ ஹென்ரியட் ஃபெலிசிட்டே. பிரான்சில் வளர்ந்தவருக்கு இருந்திருக்க வேண்டிய பிரெஞ்சு மொழியறிவும் அவரிடம் இல்லை. தமக்குப் பழக்கமானது என்று அவர் கூறிய சிலி நாட்டு மெலிபில்லா ஊரில் விசாரித்தபோது, அங்கிருந்தோர் ரோஜரை அறிந்திருக்கவில்லை. லண்டன் வாப்பிங் பகுதி இறைச்சி வணிகரின் மகன் ஆர்தர் ஆர்ட்டனையே அறிந்திருந்தனர். வழக்கு வரும் என்று எண்ணாமல் எழுதப்பட்ட குறிப்புகள், உறுதியாகச் சத்தியம் செய்த சாட்சிகளைவிட நம்பத்தக்கவையாய் நின்றன. 188 நாள் நீடித்த குற்றவியல் விசாரணையின் முடிவில், 1874இல், அவர் ஆர்ட்டன்தான் என்று தீர்ப்பாகிப் பதினான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

இவ்வெற்றியைக் கொண்டு இம்முறையை முழுமையானதாகக் கருதுவது தவறு. ரோஜர் தம் ஒன்றுவிட்ட சகோதரி கேத்தரின் டௌட்டியை விரும்பியதும், கேத்தரினின் பெற்றோர் அதை எதிர்த்ததும் அவருடைய வாழ்வின் திருப்பத்தில் பெரும்பங்கு உடையவை. ஆனால் பட்டியல் நடந்த திருமணங்களையே குறிக்கும், மறுக்கப்பட்டவற்றைக் குறிக்காது. ஒருவர் ஏன் ஊரைவிட்டுச் சென்றார் என்பதற்கு அதில் இடமே இல்லை. 1826இல் முதன்முதலாக வெளிவந்த பர்க் தொகுப்பு போன்ற அச்சிட்ட வம்சாவளி நூல்களோ, அந்தந்தக் குடும்பங்கள் தந்த செய்திகளையே பெரிதும் நம்பியவை என்பதால், குடும்பம் மறைக்க விரும்பியது அங்கும் மறைந்தே இருக்கும்.

ஏடுகள் அழியக்கூடியவை என்பதும் மறக்கத்தக்கதன்று. ரோஜர் என முன்வந்தவர் தொடுத்த உரிமையியல் வழக்கு தொடங்கிய 1871 மே மாதத்திலேயே, பாரிஸ் கம்யூன் எழுச்சியின் இறுதி நாட்களில் எழுந்த தீயில், 1860க்கு முற்பட்ட அந்நகரின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் இரு வேறு இடங்களில் இரு படிகளாகக் காக்கப்பட்டிருந்தும் எரிந்துபோயின. பின்னர் அவற்றில் ஒரு பகுதியையே மீட்டெழுத முடிந்தது.

ஆகவே எந்தப் பதிவையும் ஏற்குமுன், அதில் உள்ள செய்தியைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார், அதனால் அவருக்கு வந்த பயன் என்ன என்று ஆராய்வது ஆய்வாளரின் கடமை. உரிமை கோரியவர் 1898 ஏப்ரல் 1 அன்று வறுமையில் இறந்தபோது, சவப்பெட்டியில் சர் ரோஜர் சார்லஸ் டௌட்டி டிச்போர்ன் என்ற பெயர் அட்டையை வைக்க டிச்போர்ன் குடும்பம் இசைந்தது. கல்லறைத் தோட்டத்தின் பதிவேட்டிலும் அவர் டிச்போர்ன் என்றே பதிவாகியுள்ளார்.