சிமெண்டுச் சூளையில் உலோகமும் சுடுமண்ணும்

கொள்ளிடத்தின் வடகரையில், திருமழபாடியைச் சுற்றிலும் நெல்லும் கரும்புமாய் விளங்கும் பூமி, வடக்கே போகப் போக நிறம் மாறி, ஆதியில் கடலடியாக இருந்த சுண்ணாம்புப் பாறைப் பிரதேசமாகிவிடுகிறது. 1939-இல் டால்மியாபுரத்திலும், 1979-இல் அரசாங்கத்தின் சார்பாக அரியலூரிலும் சிமெண்டு ஆலைகள் எழுந்ததற்கும், பின்னர் கோவிந்தபுரம், ரெட்டிபாளையம், கீழப்பழுவூர் முதலிய ஊர்களில் புகைபோக்கிகள் முளைத்ததற்கும் இந்தப் பாறையே மூலகாரணம். இவ்வாலைகளின் புழுதியைப் பற்றியும், லாரிகளைப் பற்றியும், வெட்டிவிட்டுப் போன பள்ளங்களைப் பற்றியும் ஜனங்கள் பேசுவதில் நியாயமுண்டு. ஆனால் சூளையின் வயிற்றுக்குள், உலோகத்தையும் சுடுமண்ணையும் ஒன்றாகக் கட்டி வைப்பதற்கு நடக்கிற பிரயத்தனத்தைப் பற்றிப் பேசுவோர் அரிது.

சுழலும் சூளையில் சுவாலையின் உஷ்ணம் 2,000 டிகிரி செல்சியஸை நெருங்குகிறது. உள்ளே, சிமெண்டாக அரைக்கப்படும் கிளிங்கர் என்னும் கட்டி விளைவதற்கு 1,450 டிகிரி வேண்டும். சூளையின் வெளிக்கூடான உருக்கோ 400 டிகிரியைத் தாண்டினாலே தளரத் தொடங்கிவிடும். ஆகவே நடுவே தீச்செங்கல் அவசியமாகிறது. உருளை வடிவமான பாகத்தில் செங்கற்கள் வளைவாக ஒன்றையொன்று தாங்கி நின்றுவிடும். சைக்ளோன், கூலர், பர்னர் குழாய் முதலிய கோணலும் மாணலுமான பாகங்களில் அந்த வசதி கிடையாது. அங்கே கேஸ்டபிள் என்னும் தீக்கலவையைக் கான்கிரீட் போலக் கொட்டி இறுக வைக்கிறார்கள். அது விழாமல் பிடித்துக்கொள்வதற்காக, ‘ஆங்கர்’ என்று வழங்கும், இரண்டு கைகளை விரித்தாற் போன்ற கம்பிகளை முன்னதாகவே வெளிக்கூட்டின் உட்புறத்தில் வெல்டிங் செய்து வரிசையாக நட்டுவிடுகிறார்கள்.

நந்தி கல்யாணத்துக்குப் பேர்போன திருமழபாடியின் அருகே இருந்துகொண்டு சொன்னால் தவறாகாது: இந்தக் கம்பிக்கும் கேஸ்டபிளுக்கும் பொருத்தம் சரியில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள உருக்குக் கம்பி 1,000 டிகிரி சூடேறினால் சுமார் 18 மில்லிமீட்டர் நீள்கிறது. கேஸ்டபிள் அதில் பாதியும் நீள்வதில்லை. நீள இடமில்லாத கம்பி, தன்னைச் சூழ்ந்த சுவரையே பிளந்துவிடுகிறது.

இந்தப் பொருத்தமின்மைக்குப் பரிகாரமாக உலகத்தார் இரண்டு மார்க்கங்களைக் கண்டிருக்கிறார்கள். ஒன்று, உலோகத்தையே சுடுமண்ணின் சுபாவத்துக்கு இசைவாகப் படைப்பது. 1930-களில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் உருவான கோவார் என்னும் கலப்பு உலோகத்தில் இரும்பு 54 பங்கும், நிக்கல் 29 பங்கும், கோபால்ட் 17 பங்கும் சேர்ந்து, கண்ணாடியைப் போலவே மிகச் சொற்பமாக விரிகின்றன. அலுமினாப் பீங்கானின் மேல் மாலிப்டினம், மாங்கனீசுப் பொடியைப் பூசி, ஈரப்பதம் சேர்ந்த ஹைட்ரஜனில் சுட்டு, அதன்மேல் நிக்கல் முலாம் ஏற்றினால், வெள்ளியும் செம்பும் கலந்த பற்றாசினால் அப்பீங்கானைக் கோவாரோடு காற்றுப் புகாமல் இணைத்துவிடலாம். பீங்கான் உடல் கொண்ட வெற்றிடக் குழல்களை இந்த வித்தையால் செய்தார்கள். அழகான சாஸ்திரம் என்பதில் ஐயமில்லை. எனினும் கோவாரின் அடக்கமான விரிவு அதன் காந்த சக்தியோடு பிணைந்தது, சுமார் 435 டிகிரியில் காந்தம் மறைந்தவுடன் அடக்கமும் மறைந்துவிடுகிறது. சூளைக்கு அது பயன்படாது.

மற்ற மார்க்கம், பொருத்தமின்மையை ஒப்புக்கொண்டு இடைவெளி விடுவது. ஆங்கரின் முனைகளில் பிளாஸ்டிக் தொப்பி மாட்டி, உடம்பில் மெழுகோ தாரோ பூசிவிட்டால், முதற்சூட்டிலேயே அவை எரிந்துபோய், கம்பி நீளுவதற்கு வேண்டிய இடம் தானாகவே பிறந்துவிடும். எரிந்தழிவதற்கென்றே பூசுகிற இந்தப் பூச்சு, மேலே சொன்ன மாலிப்டினப் பூச்சுக்குச் சற்றும் தாழ்ந்ததன்று என்பது என் அபிப்பிராயம். செலவோ அற்பம்.

ஆனால் அற்பச் செலவு என்பதாலேயே இதை அலட்சியம் செய்வதும், கம்பியின் தரத்தை உயர்த்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதும் இத்தொழிலைப் பிடித்த வியாதி. நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உள்ள 304 ரக உருக்கு தாங்கவில்லையா, 25-உம் 20-உம் உள்ள 310 ரகத்தை வாங்கு என்கிறார்கள். வெறும் உஷ்ணத்தை மட்டும் கருதினால் இது நல்ல யோசனையே. 1,100 டிகிரி வரையிலும் அது செதில் உதிராமல் நிற்கும். ஆயினும் 600 முதல் 900 டிகிரிக்குள் நெடுங்காலம் கிடக்கும் 310, உள்ளுக்குள் மாறி நொறுங்கும் தன்மை அடைகிறது. பழுதுபார்ப்பதற்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுனில் சூளை ஆறிய பிறகு சுத்தியலால் தட்டினால், வளையாமல் மளுக்கென்று ஒடிகிறது. கந்தகப் புகையும் ஆக்சிஜன் குறைவும் சேர்ந்துவிட்ட இடத்திலோ, அதிகமாகச் சேர்த்த நிக்கலே பகையாகிறது. நிக்கலும் கந்தகமும் கூடிய சேர்மானம் 640 டிகிரி சுமாரிலேயே உருகிவிடும். நிக்கலை நாம் பெரும்பாலும் அந்நிய தேசங்களிலிருந்து தருவிக்கிறவர்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தால், அதிக விலை கொடுத்து ஆயுளைக் குறைத்துக்கொள்கிற விபரீதம் விளங்கும்.

நிலக்கரிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குப்பையை எரிக்கும் வழக்கம் பரவி வருவதும் கவலைக்குரியது. குப்பையை ஒழிக்க அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதிலுள்ள குளோரின், கேஸ்டபிளின் துவாரங்கள் வழியே கசிந்து, குரோமியம் தன்மேல் போர்த்திக்கொள்ளும் காப்புப் படலத்தையே அரித்துவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக வெல்டிங். 310 கம்பியைச் சாதாரண உருக்குத் தகட்டோடு இணைக்க 309 ராடு வேண்டும்; அவசரத்தில் கையிலிருக்கும் மைல்டு ஸ்டீல் ராடைக் கொண்டு ஒட்டினால், இணைப்பு கடினமாகி வெடிப்பு விடும். இரவு பகலாக, புழுக்கத்தில், குனிந்த முதுகோடு, ஒப்பந்தக் கூலிக்கு ஆயிரக்கணக்கான ஆங்கர்களை நடுகிற தொழிலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஷட்டவுன் நாட்களைக் குறைப்பதையே சாமர்த்தியமாகக் கருதும் நிர்வாகத்தின் குறை இது.

சுவர் விழுந்தபின் காரணத்தை ஆராய்வதற்கும் வழியில்லாமற் போகிறது. பழைய சுவரை இடித்துக் குப்பையோடு வாரும்போது, எந்த ஆங்கர் முனையில் தேய்ந்தது, எது வேரில் ஒடிந்தது, எதன்மேல் மெழுகே பூசப்படவில்லை என்ற சாட்சியங்களும் லாரியேறிப் போய்விடுகின்றன. திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்டும்படி தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்ட இராசராச சோழன், பிரிப்பதற்கு முன்பாகச் சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கவும் ஆணையிட்டான். இராசேந்திரனின் 14-ஆம் ஆண்டில் அவை மீண்டும் கல்லில் பொறிக்கப்பட்டன. அந்தக் கோயிலுக்கு வடக்கேயுள்ள ஆலைகளின் நிர்வாகிகள், விலையுயர்ந்த கம்பிக்கு அடுத்த ஆர்டரை அனுப்புவதற்கு முன்னால், இடிக்கப்போகும் சுவரின் ஆங்கர்களை இடம் குறித்து, படம் பிடித்து, சிலவற்றை அறுத்துப் பரிசோதிக்க இரண்டு நாள் அவகாசம் தர வேண்டும். அவ்வேலையில் அரியலூர் மாவட்டத்துப் பொறியியல் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.